நகர மன்றத் தேர்தலில் கட்சி ஆதரவும் புதிய வேட்பாளரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றத்துக்கு நித்யா ராமன் 2020-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து, தெற்குக் கலிஃபோர்னியாவில் வாழும் தமிழ் நண்பர்களும் ஊரிலிருந்து பேசும் உறவினர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைவர்கள் வேறொருவரை ஆதரித்தபோது இவர் எப்படி வென்றார் என்பதில்தான் பலருடைய குழப்பமும் தொடங்குகிறது. உள்ளூர்த் தேர்தல் வரும்போதெல்லாம் அதே கேள்விகள் எழுவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

"இது கட்சித் தேர்தலா, கட்சி இல்லாத தேர்தலா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே?"

சட்டப்படி இது கட்சி சாராத தேர்தல். கலிஃபோர்னியாவில் நகரம், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), பள்ளி வாரியம், நீதிமன்றம் ஆகியவற்றுக்கான பதவிகளை மாநில அரசியல் சட்டமே கட்சி சாராத பதவிகள் என்று வகுத்திருக்கிறது. இப்பதவிகளுக்கு எந்தக் கட்சியும் வேட்பாளரை நியமிக்கக் கூடாது. வாக்குச்சீட்டில் வேட்பாளரின் கட்சி குறிப்பிடப்படவும் கூடாது. வேட்பாளரின் பெயரும், அதன் கீழே அவர் செய்யும் தொழிலைச் சொல்லும் சில சொற்களும்தான் அச்சாகும்.

நடைமுறை வேறு. தமிழ்நாட்டில் ஊராட்சி மன்றத் தலைவர் தேர்தல் கட்சி அடிப்படையில் நடப்பதில்லை என்றாலும், பூட்டு சாவிச் சின்னத்தில் நிற்பவர் எந்தக் கட்சிக்காரர் என்று ஊரில் தெரியாதவர் இருக்க மாட்டார். லாஸ் ஏஞ்சலஸிலும் அப்படித்தான். சீட்டில் இல்லாத கட்சி, துண்டறிக்கையிலும் வீட்டு வாசல் பேச்சிலும் இருக்கிறது.

"கட்சி ஆதரவு கிடைச்சா சீட்டு கிடைச்ச மாதிரிதானே?"

இல்லை. மற்ற பதில்கள் எல்லாம் இதைப் பொறுத்தவை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் ஊரில் கட்சித் தலைமை கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் கட்சிச் சின்னம் கிடைக்காது. ஆகவே யார் நிற்பது என்பதைத் தலைமையே முடிவு செய்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் யார் நிற்பது என்பதில் கட்சிக்கு எந்தப் பங்கும் இல்லை. தொகுதியில் வாழும் வாக்காளர்களிடம் 500 செல்லத்தக்க கையெழுத்துகளைத் திரட்டி 300 டாலர் கட்டணம் செலுத்தினாலோ, கட்டணம் இல்லாமல் 1000 கையெழுத்துகளைத் திரட்டினாலோ, தகுதியுள்ள எவரும் வேட்பாளராகலாம். முதல் சுற்றில் பாதிக்கு மேல் வாக்குப் பெறுபவர் அப்போதே வென்றுவிடுவார். எவரும் பெறாவிட்டால் முதல் இரண்டு இடங்களில் வந்தவர்கள் நவம்பரில் மோதுவார்கள்.

கட்சியின் ஆதரவு என்பது, இப்படித் தாமாகவே களத்துக்கு வந்தவர்களில் இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று கட்சி செய்யும் பரிந்துரை. ஒரு காலத்தில் அதற்கும் தடை இருந்தது. கட்சி சாராத பதவிகளுக்கான தேர்தலில் கட்சிகள் எவரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்று 1986-இல் கலிஃபோர்னிய வாக்காளர்களே ஒரு திருத்தத்தை நிறைவேற்றினார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, அது பேச்சுரிமைக்கு முரணானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் கூறித் தடையை அகற்றியது. கட்சியும் மக்கள் கூடி அமைத்த ஒரு சங்கம்தான், அதற்கும் தன் கருத்தைச் சொல்லும் உரிமை உண்டு என்பதே அதன் சாரம். என் அளவில் அந்தத் தீர்ப்பு சரியானது. ஆதரவைத் தடை செய்தால் அது மறைமுகமாக நடக்கும். வெளிப்படையாக நடந்தால் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது வாக்காளருக்குத் தெரியும்.

"அந்த ஆதரவை யார் தீர்மானிக்கிறாங்க? வாஷிங்டன்ல இருக்கிற தலைமையா?"

தேசியத் தலைமைக்கு இதில் வேலையே இல்லை. ஜனநாயகக் கட்சியைப் பொறுத்தவரை கவுண்டி அளவிலான மத்தியக் குழுதான் நகரப் பதவிகளைப் பற்றிப் பேசுகிறது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர், அதிபர் தேர்தல் ஆண்டின் முதல் சுற்றில், சட்டமன்றத் தொகுதிவாரியாகக் கட்சி வாக்காளர்களாலேயே தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியில் வரும் அந்தப் பெயர்களை நம்மில் பலர் படிக்காமலே விட்டுவிடுகிறோம். ஆனால் நகர மன்றம் முதல் பள்ளி வாரியம் வரை கட்சி யாரைக் கைகாட்டும் என்பதை முடிவு செய்பவர்கள் அவர்கள்தான்.

அதற்குக் கீழே, கட்சியின் அங்கீகாரம் பெற்ற உள்ளூர் மன்றங்கள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேட்பாளர்களுக்கு வினாத்தாள் அனுப்பி, நேரில் அழைத்துக் கேள்வி கேட்டு, உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தித் தன் ஆதரவைத் தனியே அறிவிக்கும். ஆகவே "ஜனநாயகக் கட்சியின் ஆதரவு பெற்றவர்" என்று எங்காவது படித்தால், கவுண்டிக் குழுவின் ஆதரவா அல்லது ஒரு மன்றத்தின் ஆதரவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சங்கங்கள், நாளேடுகள், சுற்றுச்சூழல் அமைப்புகள், காவலர் சங்கம் ஆகியவை தரும் ஆதரவுகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை.

"ராமனும் ஜனநாயகக் கட்சி, அவர் எதிர்த்து நின்றவரும் ஜனநாயகக் கட்சி. அப்புறம் என்ன போட்டி?"

2020-இல் நான்காம் தொகுதியில் பதவியில் இருந்தவர் டேவிட் ரியூ. 2015-இல் வென்ற அவர், அந்நகர மன்றத்தின் முதல் கொரிய அமெரிக்க உறுப்பினர். ராமன் நகரத் திட்டமிடல் படித்தவர். கேரளத்தில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்தவர். சென்னையிலும் சில ஆண்டுகள் பணியாற்றி, 'டிரான்ஸ்பரன்ட் சென்னை' என்ற ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியவர். குடிசைப் பகுதிகள் எங்கே இருக்கின்றன, பொதுக் கழிப்பிடங்கள் எங்கே இல்லை என்பதை வரைபடமாக்கிய திட்டம் அது.

இருவரும் ஒரே கட்சி என்பது உண்மை. லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களில் ஒரு கட்சியே பெரும்பான்மையாக இருப்பதால், உண்மையான அரசியல் போட்டி அந்தக் கட்சிக்குள்ளேதான் நடக்கிறது. வாடகைக் கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும், நடைபாதையில் வாழ்பவர்களுக்குக் காவல்துறையை அனுப்புவதா சமூகப் பணியாளரை அனுப்புவதா, புதிய அடுக்குமாடி வீடுகளை எங்கே அனுமதிப்பது போன்றவற்றில் ஒரே கட்சிக்காரர்களிடையே பெரும் வேறுபாடு உண்டு. வீடற்றோர் பிரச்சினைதான் ராமனின் பிரச்சாரத்துக்கு மையம். நகரம் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் இப்பிரச்சினையில் செலவிடுகிறது, அதில் பெரும்பகுதி காவல் பணிக்கே போகிறது என்று 2015-இல் நகர நிர்வாக அலுவலகம் வெளியிட்ட அறிக்கைக்குப் பின்னாலிருந்த உழைப்பில் அவருக்கும் பங்குண்டு. தன் வட்டாரத்தில் வீடற்றோருக்கு உதவும் தன்னார்வக் குழு ஒன்றையும் அவர் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கியிருந்தார்.

"பதவியில இருக்கிறவருக்கே கட்சி ஏன் ஆதரவு தருது?"

எப்போதும் அப்படி அல்ல, ஆனால் பெரும்பாலும் அப்படித்தான். கவுண்டிக் குழுவிலும் மன்றங்களிலும் இருப்பவர்கள் பதவியில் இருப்பவரோடு பல ஆண்டுகள் பழகியவர்கள். அவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். தவிர, அவர் மீண்டும் வென்றால் எதிர்த்தவர்களை மறக்க மாட்டார் என்ற தயக்கமும் உண்டு.

லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றத்தில் 15 பேரே இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஏறத்தாழ 2.6 லட்சம் மக்களுக்குப் பிரதிநிதி. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் இருப்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு லாஸ் ஏஞ்சலஸ் உறுப்பினரின் கையில் எவ்வளவு அதிகாரம் குவிந்திருக்கிறது என்பது புரியும். தம் தொகுதியில் எந்தக் கட்டடம் எழும்ப வேண்டும் என்பதில் பெரும்பாலும் அவர் சொல்வதே நடக்கும். இப்படிப்பட்டவரைப் பகைத்துக்கொள்ள அமைப்புகள் தயங்குவது இயல்பு. 2003-இல் அன்டோனியோ வில்லரைகோசா, பதவியில் இருந்த நிக் பச்சேகோவைத் தோற்கடித்த பிறகு 17 ஆண்டுகள் அந்நகர மன்றத்தில் பதவியிலிருந்த உறுப்பினர் ஒருவரும் தோற்கவில்லை.

"ஹிலாரி கிளின்டன், பெலோசி, சாண்டர்ஸ் இவங்களுக்கெல்லாம் ஒரு வார்டுத் தேர்தல்ல என்ன வேலை?"

2016-இல் கட்சியின் அதிபர் வேட்பாளராக இருந்த ஹிலாரி கிளின்டனும், அப்போது பிரதிநிதிகள் சபையின் தலைவராக இருந்த நான்சி பெலோசியும் 2020-இல் ரியூவை ஆதரித்தார்கள். இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸும், அமெரிக்க ஜனநாயக சோஷலிஸ்டுகள் அமைப்பின் லாஸ் ஏஞ்சலஸ் கிளையும் ராமனை ஆதரித்தார்கள். தேசிய அளவில் ஜனநாயகக் கட்சிக்குள் மிதவாதிகளுக்கும் இடதுசாரிகளுக்கும் இடையே நடந்துகொண்டிருந்த வாதமே ஒரு நகரத் தொகுதிக்குள் இறங்கி வந்ததாக அது பார்க்கப்பட்டது.

ஒரு பெருந்தலைவரின் ஆதரவு, வேட்பாளரைப் பற்றி ஒன்றும் தெரியாத வாக்காளருக்கு ஒரு அடையாளத்தைத் தருகிறது; அதுவே அதன் பயன். வீட்டு வாசலில் வேட்பாளரைச் சந்தித்து வாடகை உயர்வைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிய வாக்காளரிடம் அந்த அடையாளத்தின் எடை குறைந்துவிடும். ஆதரவு அமைப்புகளில் எவை ஆட்களை அனுப்புகின்றன, எவை அறிக்கையோடு நின்றுவிடுகின்றன என்பதையும் பாருங்கள். சோஷலிஸ்டுகள் அமைப்பின் ஆதரவு கதவு கதவாகச் செல்லும் தன்னார்வலர்களோடு வந்தது.

"கட்சிப் பெருந்தலைகள் எதிர்ப்பக்கம். அப்புறம் எப்படித்தான் ஜெயிச்சாங்க?"

ஒரே காரணம் சொல்ல இயலாது. முதலாவது, தேர்தல் நடந்த நாள். முன்பு லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தேர்தல்கள் ஒற்றைப்படை ஆண்டுகளில் தனியாக நடந்தன. 2015 மார்ச்சில் ஏறத்தாழ பத்தில் ஒரு வாக்காளரே வாக்களித்தார். அந்த மாதமே வாக்காளர்கள் நகரத் தேர்தல்களை இரட்டைப்படை ஆண்டுகளுக்கு மாற்ற ஒப்புதல் தந்தார்கள். அதன்படி 2020-இல் நகர மன்றத் தேர்தல் அதிபர் தேர்தலோடு சேர்ந்து வந்தது. சிலரே வாக்களிக்கும் தேர்தலில், வாக்களிக்கத் தவறாத வயதான வீட்டு உரிமையாளர்களும் அமைப்புகளின் பரிந்துரையும் முடிவை நிர்ணயிப்பார்கள். பல மடங்கு மக்கள் வாக்களிக்கும்போது, இளைஞர்களும் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் கணக்கில் வருகிறார்கள். மற்ற எல்லாக் காரணங்களையும் விட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

இரண்டாவது, தன்னார்வலர் படை. மார்ச் 3 அன்று நடந்த முதல் சுற்றில் ரியூ முதலிடம் பெற்றார். ஆனால் மூவர் போட்டியில் பாதி வாக்கை எட்டவில்லை, ராமன் சில புள்ளிகளே பின்தங்கியிருந்தார். அதன் பிறகு கொரோனா ஊரடங்கு வந்தது. தெருவில் இறங்க முடியாத நிலையில் பிரச்சாரம் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் மாறியது. அவ்வாண்டு நவம்பரில் கலிஃபோர்னியாவில் பதிவு செய்த ஒவ்வொரு வாக்காளருக்கும் வாக்குச்சீட்டு அஞ்சலில் வந்தது. சீட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, பெயரைத் தேடிப் படித்து, நிதானமாக வாக்களிக்க அதனால் முடிந்தது.

மூன்றாவது, நகர மன்றத்தின் மீது மக்களுக்கு வந்த கசப்பு. 2020 ஜூனில் ஹோசே ஹுய்சார் என்ற நகர மன்ற உறுப்பினர் ஊழல் வழக்கில் கூட்டாட்சி அதிகாரிகளால் கைது செய்யப்பட்டார். ரியூ அந்த விவகாரத்தில் தொடர்பில்லாதவர்; மனைத்தொழில் நிறுவனங்களிடம் நன்கொடை பெறுவதற்கு எதிராகப் பேசி வந்தவரும்கூட. ஆனாலும் மன்றத்தில் இருப்பவர் எல்லோர் மீதும் அந்த நிழல் விழுந்தது. நவம்பரில் ராமன் ஏறத்தாழ 53 சதவீத வாக்குகளோடு வென்றார்.

"பணம் இல்லாம நிற்க முடியுமா? பெரிய ஆளுங்க ஆதரவு வேணும்ங்கிறதே பணத்துக்குத்தானே?"

பணம் தேவைதான், ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் அதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நகர மன்ற வேட்பாளருக்கு ஒருவர் தரும் நன்கொடைக்கு உச்சவரம்பு உண்டு. 2020-இல் அது ஒரு சுற்றுக்கு 800 டாலர். நகரவாசிகள் தரும் சிறு நன்கொடைகளுக்கு நகரமே தன் நிதியிலிருந்து ஆறு மடங்கு சேர்த்துத் தருகிறது. 50 டாலர் கொடுத்தால் வேட்பாளருக்குக் கிடைப்பது 350 டாலர். தொகுதி மக்களிடம் குறிப்பிட்ட அளவு நன்கொடை திரட்டியிருக்க வேண்டும், செலவு வரம்பை ஏற்க வேண்டும், எதிர் வேட்பாளருடன் விவாதத்தில் பங்கேற்க வேண்டும் என்பன நிபந்தனைகள்.

இந்த ஏற்பாட்டினால் புதிதாக நிற்பவர் பணக்காரர்களின் விருந்துகளுக்கு அலையாமல், சாதாரண மக்களைத் தேடிப் போக முடிகிறது. ஆனால் வேட்பாளருக்குத் தொடர்பில்லாமல் வெளி அமைப்புகள் தாமாகச் செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை.

"ஜனநாயகக் கட்சி வாக்காளர்களுக்கான பட்டியல்னு ஒரு அட்டை வீட்டுக்கு வந்திருக்கு. அதுல இருக்கிறவங்களுக்குப் போடலாமா?"

அட்டையைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிறு நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கலிஃபோர்னியச் சட்டப்படி, இடம் பிடிக்கப் பணம் கொடுத்தவரின் பெயருக்கு அந்தக் குறி இடப்பட வேண்டும். பொடி எழுத்தில், இதைத் தயாரித்தது அதிகாரபூர்வமான கட்சி அமைப்பு அல்ல என்ற அறிவிப்பும் இருக்கும். அழகான வண்ணத்தில், கட்சியின் பெயரைத் தலைப்பில் தாங்கி வரும் இத்தகைய அட்டைகளில் பல, தனியார் நடத்தும் விளம்பர வணிகம். அதிபர் வேட்பாளரின் படத்தை மேலே போட்டு, அவருக்கு அறிமுகமே இல்லாத ஒரு நகர மன்ற வேட்பாளரைக் கீழே அச்சிடுவார்கள். பார்ப்பவர் இருவரையும் ஒரே அணி என்று எண்ணிக்கொள்வார்.

இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். மொழி சரளமாகப் படிக்க வராத நம் பெற்றோர் போன்றவர்கள், குடியுரிமை பெற்று முதன்முறையாக வாக்களிக்கும்போது, இந்த அட்டையைக் கட்சியின் கட்டளை என்று நம்பி அப்படியே நிரப்புகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து, மேலே மூன்றாவது பதிலில் சொன்ன கவுண்டிக் குழுவின் உண்மையான பட்டியலை அதன் சொந்தப் பக்கத்திலிருந்து எடுத்து ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

"ஆதரவு கொடுத்த அமைப்பு சொல்றபடிதான் ஜெயிச்சவர் நடக்கணுமா?"

சட்டப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. இங்கே கட்சிக் கொறடாவும் கிடையாது, கட்சித் தாவல் தடைச் சட்டமும் கிடையாது. ஆனால் உரசல் வரும். 2024 தேர்தலின்போது 'இஸ்ரேலுக்கான ஜனநாயகக் கட்சியினர்' என்ற அமைப்பின் லாஸ் ஏஞ்சலஸ் கிளை தந்த ஆதரவை ராமன் ஏற்றதற்காக, இஸ்ரேல் அரசின் கொள்கைகளை எதிர்க்கும், முதலிலிருந்து அவருக்குத் துணைநின்ற சோஷலிஸ்டுகள் அமைப்பின் கிளை அவர் மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனாலும் தன் ஆதரவை அது விலக்கிக்கொள்ளவில்லை. ஒன்றுக்கொன்று முரணான இரு அமைப்புகளிடம் ஆதரவு பெறும் வேட்பாளர், அவற்றின் வினாத்தாள்களுக்கு என்ன பதில் எழுதினார் என்று கேட்க வாக்காளருக்கு உரிமை உண்டு.

"கொடுத்த ஆதரவை கட்சி திரும்ப வாங்க முடியுமா?"

முடியும், நடந்தும் இருக்கிறது. மினியாபொலிஸ் நகரில் 2025 ஜூலையில் நடந்த ஜனநாயகக் கட்சியின் நகர மாநாடு, மேயர் பதவிக்கு அப்போதைய மேயர் ஜேக்கப் ஃப்ரேயை எதிர்த்து நின்ற ஒமர் ஃபதேயை ஆதரித்தது. மின்னணு வாக்கெடுப்பில் குறைகள் இருந்ததாக முறையீடு எழ, ஆகஸ்டில் மாநிலக் கட்சி அந்த ஆதரவை ரத்து செய்தது. ஃபதே தொடர்ந்து போட்டியிட்டார். நவம்பரில் ஃப்ரே வென்றார். ஆதரவு போனாலும் வேட்புமனு போகாது என்பதற்கு இது தெளிவான சான்று. காரணம் இரண்டாம் பதிலில் இருக்கிறது.

"ஜெயிச்சதும் அவங்க தொகுதியையே மாத்திட்டாங்களாமே?"

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் எல்லைகளை மாற்றி வரைவது வழக்கமான வேலைதான். ஆனால் அதில் இறுதி முடிவு நகர மன்றத்தின் கையிலேயே இருந்தது. ராமன் பதவியேற்று ஓராண்டு ஆகும் வேளையில், 2021 டிசம்பரில் ஏற்கப்பட்ட புதிய வரைபடத்தில், அவரைத் தேர்ந்தெடுத்த மக்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் வேறு தொகுதிகளுக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்த பகுதிகள் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் இருந்தன.

2022 அக்டோபரில் ஒரு ரகசிய ஒலிப்பதிவு வெளியானது. மன்றத் தலைவர் நூரி மார்ட்டினெஸும் வேறு இரு உறுப்பினர்களும் ஒரு தொழிற்சங்கத் தலைவரோடு இனவெறிச் சொற்களைப் பேசியபடி தொகுதி எல்லைகளைப் பற்றித் திட்டமிட்டது அதில் பதிவாகியிருந்தது. மார்ட்டினெஸ் பதவி விலகினார். எல்லை வரையும் பொறுப்பைச் சுயேச்சையான ஆணையத்திடம் ஒப்படைக்க 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள்.

"2024-ல அவங்களே பதவியில இருந்தாங்க. அப்போ ஆதரவெல்லாம் தலைகீழா மாறிடுச்சா?"

பெருமளவுக்கு மாறியது. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மேயர் கேரன் பாஸ் அம்முறை ராமனை ஆதரித்தார். காவலர் சங்கமும் தீயணைப்பாளர் சங்கமும் எதிர்த்து நின்ற ஈதன் வீவர் பக்கம் நின்றன; ராமனைத் தோற்கடிக்க வெளி அமைப்புகள் 10 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டன. பணம் பற்றிய பதிலில் சொன்ன வரம்பில்லாச் செலவு இதுதான். ராமன் முதல் சுற்றிலேயே பாதியைச் சற்றே கடந்து வென்றார். பதவியில் இருப்பவர்களைச் சுற்றி ஆதரவு சேரும் என்று ஐந்தாம் பதிலில் எழுதியது அவருக்கும் பொருந்தியது. அவரை விரும்புகிறவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

"நம்ம ஊர்க்காரர்ங்கிறதுக்காக ஒருத்தரை ஆதரிக்கலாமா?"

மகிழ்ச்சி அடையலாம். சியாட்டில் நகர மன்றத்தில் நான்கு முறை வென்ற ரிச்சர்ட் கான்லினை 2013-இல் தோற்கடித்த ஷாமா சாவந்த், புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஜனநாயகக் கட்சிக்கு வெளியே சோஷலிஸ்டாக நின்று வென்றவர். அவர் கொள்கை பிடிக்காத தமிழர்களும் சியாட்டிலில் நிறையப் பேர் உண்டு. அவர் கோரிய மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் வேண்டுமா வேண்டாமா என்பதில் ஒருவருக்கு இருக்கும் கருத்தை, பிறந்த ஊர் மாற்றிவிட முடியாது.

"நான் எச்1பி விசாவில இருக்கேன். பிரச்சாரத்துக்கு உதவலாமா, பணம் கொடுக்கலாமா?"

பணம் கொடுக்கவே கூடாது. குடிமக்களும் பச்சை அட்டை பெற்ற நிரந்தரக் குடியிருப்பாளர்களும் தவிர மற்ற வெளிநாட்டவர், கூட்டாட்சி, மாநில, நகரத் தேர்தல் எதற்கும் நன்கொடை தருவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. ஐந்து டாலராக இருந்தாலும் சட்டமீறலே. மனைவியோ நண்பரோ கொடுப்பதாகக் காட்டி உங்கள் பணத்தைக் கொடுப்பதும் சட்டமீறல். ஊதியம் பெறாத தன்னார்வலராக உதவலாம்: வீடு வீடாகச் செல்லலாம், தொலைபேசியில் பேசலாம், தமிழில் விளக்கலாம். பிரச்சாரப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற முடிவுகளில் மட்டும் பங்கேற்கக் கூடாது. பச்சை அட்டை உள்ளவர்கள் நன்கொடை தரலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. வாக்காளர் பட்டியலில் பதிந்துகொள்ளுமாறு யாராவது படிவத்தை நீட்டினால், கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தவறுதலாகப் பதிந்தாலும் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் அது பெரும் சிக்கலாகும்.